பொதிகை எந்த மலை?

சாரல் காலத்தில் குற்றாலத்தின் ஐந்தருவிச் சாலையில் நின்றுகொண்டு, முகில் மூடிய மலைமுகட்டைச் சுட்டிக்காட்டி, "அதோ, அதுதான் பொதிகை" என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களைத் திருத்த மனம் வந்ததில்லை. விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அப்பெயரே இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கோட்டைக்கு வரும் விரைவு வண்டிக்கும் அதுவே பெயர். அரசுத் தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசை கூட 2024 வரை அப்பெயரைத் தாங்கியிருந்தது. இப்படி எங்கும் வழங்கும் ஒரு பெயருக்கு உரிய இடம் எது என்று கேட்பது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆயினும் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அக்கேள்வி நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்கிறது.

அருவிகளைத் தாங்கி நிற்கும் குற்றாலத்து மலைக்கு உரிய பெயர் திரிகூடமலை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அப்பெயரைத் தம் பெயரிலேயே சுமந்தவர். புலவர்கள் பொதியில் என்றும் பொதிகை என்றும் பாடிய சிகரமோ குற்றாலத்திற்கு ஏறத்தாழ நேர் தெற்கே, நேர்கோட்டில் அளந்தால் 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இடையே எழுந்து நிற்கும் மலைகள் அதனை மறைத்துவிடுகின்றன. எனினும் இரண்டு மலைகளும் உறவு அற்றவை அல்ல. திரிகூடத்தில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி பிறப்பது பொதிகையில். மேலே பிரிந்து நிற்பவை கீழே ஒன்றாகின்றன.

அச்சிகரத்தின் உயரம் 1868 மீட்டர், அதாவது 6,100 அடிக்குச் சற்று மேல். தென்னாட்டு மலைகளில் அதுவே மிக உயர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. வடக்கேயுள்ள ஆனைமுடி 2695 மீட்டர். ஆனால் செங்கோட்டைக் கணவாய்க்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடைப்பட்ட தொடரில், கூம்பிய வடிவுடன் தனித்துத் தலைதூக்கி நிற்பதால், அம்பாசமுத்திரத்து வயல்வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் மேற்கே திருவனந்தபுரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெளிந்த நாள்களில் அது அடையாளமாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதன்மேல் பொழிகின்றன. கிழக்கே தாமிரபரணி இறங்குகிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இறங்குகின்றன. இரு கடல்களை நோக்கி நீர் பிரியும் முகடு அது. இரு பக்கத்து மக்களும் அதற்குத் தத்தம் பெயரை இட்டதில் வியப்பில்லை.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்கள் பொதியில், பொதியம் என்பன. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர், உதியஞ்சேரலாதனை இமயமும் பொதியமும் போல் அசையாது நிலைக்குமாறு வாழ்த்துகிறார். வடக்கே ஓர் எல்லை, தெற்கே ஓர் எல்லை. அந்நாளிலேயே இம்மலை இமயத்துக்கு இணையாக வைத்து எண்ணப்பட்டது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் பாட்டில் பொதியில் ஆய் அண்டிரனின் மலை. மன்றத்துப் பலாமரத்தில் இரவலர் கட்டித் தொங்கவிட்ட முழவைப் பலாப்பழம் என்று எண்ணிக் குரங்கு தட்டிப் பார்க்கிறது. அம்மலையை ஆடும் மகள் அணுகலாம், பெருமை மிகுந்த மன்னர் அணுகல் அரிது என்று முடிக்கிறார் புலவர். படை அணுக முடியாத மலை பாணருக்கும் விறலியருக்கும் திறந்து கிடந்தது! அரசியலைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக ஒரு தலைவனைப் புகழ முடியுமா என்று தெரியவில்லை.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பாடல்களில் பொதியில் ஆயின் மலையே. அகத்தியரின் மலையாக அது இன்னும் ஆகவில்லை. எட்டுத்தொகையில் பிற்பட்டதாகக் கருதப்படும் பரிபாடலில்தான் பொதியில் முனிவன் தோன்றுகிறார். அங்கும் அவர் வானத்து விண்மீனாகவே வருகிறார். தென்வானில் ஒளிவிடும் அந்த விண்மீனை இன்றும் அகத்தியம் என்கிறோம். வடமொழியில் வான்மீகி இராமாயணத்தில், சீதையைத் தேடத் தென்திசை செல்லும் வானரருக்குச் சுக்கிரீவன் வழி சொல்லும்போது, மலய மலையின் உச்சியில் அமர்ந்திருக்கும் அகத்தியரையும் அடுத்துத் தாமிரபரணியையும் குறிப்பிடுகிறான். மலயம் என்பது நம் 'மலை' என்ற சொல்லே வடக்கே போய் உருமாறிய வடிவம் என்பர் மொழியறிஞர். போன சொல் மலயமாருதம் என்று தென்றலைச் சுமந்துகொண்டு மீண்டும் தமிழுக்கே வந்து சேர்ந்தது. பெயர்களும் ஆறுகளைப் போலவே. புறப்பட்ட இடத்தில் நிற்பதில்லை.

பிற்காலத்தில் அகத்தியர் கதை இப்பக்கம் முழுவதையும் ஆட்கொண்டது. இறைவனின் திருமணத்தைக் காண எல்லாரும் வடக்கே திரண்டதால் பூமி சாய, அதைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் அவர் என்பது பாபநாசத்துக் கதை. குற்றாலத்துக் கதை வேறு. இங்கே திருமாலாக நின்ற திருவுருவை அகத்தியர் தலைமேல் கைவைத்துச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்று தலபுராணம் கூறும். சமயங்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்ந்த வரலாற்றை மக்கள் மறைக்கவில்லை. கதையாக்கிக் காத்துவைத்தார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

சிகரத்தின் இன்றைய அலுவல் பெயர் அகத்தியகூடம் அல்லது அகத்தியர்கூடம். இதில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. தமிழர் காதுக்குக் கூடம் என்றால் வீட்டின் நடுவே உள்ள பெரிய இடம். பள்ளிக்கூடம், மாடகூடம் என்று சொல்கிறோமே, அந்தக் கூடம். ஆனால் இங்கே கூடம் என்பது சிகரம் என்னும் பொருள் தரும் வடசொல். திரிகூடம் என்பதிலும் அதே சொல்தான். மூன்று சிகரங்களை உடையது என்பது பொருள். ஆக அகத்தியகூடம் என்பது அகத்தியரின் சிகரம். அகத்தியரின் மண்டபம் ஆகாது. ஆயினும் பழைய பெயருக்குப் போனால் மண்டபமே மீண்டும் எதிர்ப்படுகிறது! பொதியில் என்பதற்குப் பொது இல், அதாவது எல்லார்க்கும் பொதுவான அம்பலம், மன்றம் என்ற பொருள் பழைய இலக்கியத்தில் உண்டு. முடமோசியாரின் பாட்டில் மலையும் மன்றமும் அருகருகே வருவதை முன்பே பார்த்தோம்.

கடல் கடந்தவர்களும் இச்சிகரத்தைக் கேள்விப்பட்டிருந்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் நிலநூலில் பெத்திகோ என்றொரு மலையையும் அதிலிருந்து பிறக்கும் சோலேன் முதலிய ஆறுகளையும் குறிக்கிறார். ஆய் நாட்டையும் அவர் அறிவார். பெத்திகோ என்பது பொதிகையே, சோலேன் தாமிரபரணியே என்று கால்டுவெல் போன்றோர் கண்டனர். மலையை நேரில் காணாத ஒருவர், மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதைக் கேட்டு எழுதிய பெயர் அது. கிரேக்க நாவில் பொதிகை அவ்வளவு தப்பிப் பிழைத்ததே பெரிது. நம் குற்றாலத்தை ஆங்கிலேயர் கோர்ட்டாலம் ஆக்கியதை நினைத்தால் தாலமியின் காது கூர்மையானதே.

7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் கூறுவது இன்னும் சுவையானது. அவர் காஞ்சிவரை வந்தார். அதற்குத் தெற்கே உள்ள நாட்டைப் பற்றிக் கேட்டறிந்ததை எழுதினார். சந்தனம் விளையும் மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்ற மலை உண்டு. அதன் பாதைகள் கடினமானவை. உச்சியில் ஓர் ஏரி. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் விழுகிறது. அருள் நிறைந்த அவலோகிதேசுவர போதிசத்துவர் அங்கு உறைகிறார் என்பது அவர் தரும் செய்தி. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியரே அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்று சொல்கிறது. இவற்றையெல்லாம் இணைத்து, பொதலகம் என்பது பொதிகையே என்று சப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா 1989-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பொதியில் என்பதற்குப் போதியின் இல்லம் என்றும் பொருள் கண்டார்.

இடத்தைப் பற்றிய அவருடைய கருத்து ஏற்கத்தக்கதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாபநாசத்திற்கு மேலே தாமிரபரணி தொடங்கும் இடத்தை இன்றும் பூங்குளம் என்றே சொல்கிறார்கள். மலைமேல் ஏரி என்ற செய்தி அதனோடு பொருந்துகிறது. பெயர்ப்பொருளைப் பற்றிய கருத்தில் அவ்வளவு உறுதி கொள்ள முடியவில்லை. பொது இல் என்ற எளிய தமிழ்ப் பொருள் இருக்கும்போது போதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பௌத்தர்கள் வந்து, முன்பே வழங்கிய பொதியில் என்ற பெயரில் தங்கள் போதியைக் கேட்டிருக்கலாம். ஒருவர் இட்ட பெயரில் மற்றொருவர் தம் இறைவனைக் கேட்பது உலகில் புதிதன்று.

அப்பெயர் அதன்பின் சென்ற தொலைவு மலைக்க வைப்பது. 17-ஆம் நூற்றாண்டில் திபெத்தின் லாசா நகரில் ஐந்தாம் தலாய் லாமா எழுப்பிய மாளிகைக்குப் பொதாலா என்று பெயர். சீனத்தின் கிழக்குக் கரையில் புத்தோ என்ற புனிதத் தீவு உண்டு. சப்பானில் அது ஃபுதராக்கு ஆயிற்று. அங்கே நாச்சிக் கடற்கரையிலிருந்து துறவிகள் சிறு படகில் ஏறி, தென்கடலுக்கு அப்பால் உள்ள ஃபுதராக்கை அடைவோம் என்று நம்பித் திரும்பாத பயணம் போனார்கள். நூற்றாண்டுக் கணக்கில் இவ்வழக்கம் நீடித்தது. 16-ஆம் நூற்றாண்டில் சப்பானில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்களின் மடல்களிலும் இதைப் பற்றிய செய்தி உண்டு.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் சப்பானின் ககோசிமாவில் கால் வைத்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1542-இல், அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்திருந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அக்கரையின் ஊர்களில் ஒன்று. பின்னாளில் அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய இடமும் அதுவே. சப்பானியத் துறவிகள் எந்த மலையைத் தேடி உயிரை விட்டார்களோ, ஹிகோசகாவின் கருத்து சரியானால், அம்மலையின் நீர்தான் புன்னைக்காயலில் இயேசு சபையினரின் கண்முன் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்களிடம் கல்வி கேட்ட கடற்கரை மக்களுக்கும் தெரிந்திருக்காது. ஒரே சிகரத்தின் பெயர் இரு வேறு கடல்களில் இரு வேறு ஒலியோடு வாழ்ந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் சிகரத்துக்கு மற்றொரு வகையான பெயர் வந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் நிறுவினார். 1852-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஆலன் புரூன், புவிக்காந்தம் கடல்மட்டத்திலும் மலையுச்சியிலும் எப்படி வேறுபடுகிறது என்று அறிய விரும்பினார். காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள இப்பகுதி அதற்கு ஏற்றது. 1855-இல் அகத்தியர் சிகரத்தின் மேலேயே ஓர் ஆய்வுநிலையம் கட்டினார். காட்டை வெட்டிப் பாதை அமைத்து, யானைக்கும் புலிக்கும் அஞ்சிய ஆள்களைத் தேற்றி, கட்டுமானப் பொருள்களையும் நுண்கருவிகளையும் அவ்வுயரத்துக்குக் கொண்டுபோனதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தாம் எழுதிய முதல் அறிக்கையின் தலைப்பில் சிகரத்தை 'அகஸ்தியர்' என்றே எழுதினார் அவர். 1874-இல் வந்த பெருநூலில் அதே சிகரம் 'அகஸ்தியமலை' ஆகிறது. முனிவரின் பெயரே மலையின் பெயராகிவிட்டது. பொதிகை என்ற பெயர் ஆங்கில ஏடுகளில் பின்தங்கிப் போனது. பெயரைப் பதிவது யார் என்பதைப் பொறுத்தே அது வாழ்வதும் தேய்வதும் அமைகிறது. மலையின் பெயரைக் கேட்டு எழுதியவர் மேற்குப் பக்கத்திலிருந்து ஏறினார். கிழக்குப் பக்கத்துப் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் ஒரு பகுதியாக இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சிகரமோ கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டது. ஆற்றின் பிறப்பு இங்கே. ஆற்றுக்குப் பிறப்புத் தந்த முடி அங்கே. தமிழ் தந்த முனிவரின் இருப்பிடம் என்று நாம் போற்றும் உச்சிக்குச் செல்ல, கேரள வனத்துறையிடம் அனுமதி பெற்றுப் போணக்காட்டிலிருந்து நடக்க வேண்டும். இதில் வருந்துவோர் உண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. நீர் பிரியும் முகட்டுக்கு எல்லைக்கோடு போட்டால் யாராவது ஒரு பக்கம் நின்றுதானே ஆக வேண்டும்? 2001-இல் இரு மாநிலக் காடுகளையும் இணைத்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. கோடு கிழித்தவர்களே அதை ஓரளவு அழித்த செயல் இது.

இந்தப் பெயர் வரலாற்றில் குரல் கேளாதவர்கள் காணி மக்கள். எல்லையின் இரு பக்கமும் காட்டில் வாழ்பவர்கள் அவர்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. 1987-இல் ஆய்வுக்காகக் காட்டுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அச்செடிக்குக் காணிகளிடம் பெயர் இருந்தது. இன்று உலகம் அறிந்த பெயர் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் ஏட்டில் அதற்கு 'இலங்கைக்கு உரியது' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் உண்டு. அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயில் ஒரு பங்கைக் காணிகளுக்கே தர ஏற்பாடு செய்தது அந்நாளில் உலகின் கவனத்தை ஈர்த்தது. அகத்தியமுனியைத் தம் குலத்தின் காவலராகக் கருதும் அம்மக்கள், 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் சிகரம் ஏறலாம் என்று தீர்ப்பளித்தபோது வருந்தினர். 2019 சனவரியில் பெண்கள் ஏறினர். காணிகள் தங்கள் வருத்தத்தை வழிபாட்டுப் பாடல்களோடு அமைதியாக வெளிப்படுத்தினார்கள், யாரையும் தடுக்கவில்லை. தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்த அமைதி என் நெஞ்சைத் தொட்டது.

நம்மவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிகரத்துக்குப் புறப்படும் அதே போணக்காட்டில், நெய்யாற்றின்கரை மறைமாவட்ட மக்கள் திருப்பயணம் போகும் ஒரு குன்று உண்டு. அவர்கள் அதைக் குருசுமலை என்பர். அங்கு நின்ற சிலுவைகள் 2017-இல் தகர்க்கப்பட்டன. செய்தியறிந்து நாம் எல்லாரும் துயருற்றோம். தகர்த்தது தவறு, அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் காட்டின் நடுவே ஒரு குன்றுக்கு நாம் பெயரிடும்போது, அங்கே முன்பே வழங்கிய பெயர் என்ன, அதை வழங்கியவர் யார் என்று கேட்டோமா? என்னைக் கேட்டால், அக்கேள்வி நம் உரிமையைக் குறைத்துவிடாது. விவிலியமே அப்படிக் கேட்டிருக்கிறது.

இணைச்சட்ட நூலின் மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரயேலர் கைப்பற்றிய நிலத்தின் எல்லைகளை மோசே சொல்லிவரும்போது, எர்மோன் மலை வந்ததும் பேச்சை நிறுத்தி ஓர் இடைக்குறிப்புத் தருகிறது நூல். அம்மலையைச் சீதோனியர் சிரியோன் என்பர், எமோரியர் செனீர் என்பர் என்கிறது. எமோரியர் போரில் தோற்றவர்கள். அவர்கள் நிலம் போயிற்று; அவர்கள் இட்ட பெயரை மட்டும் வென்றவர்களின் திருநூல் காத்துத் தருகிறது. தொடக்கநூலிலும் யாக்கோபு ஓரிடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிடும்போது, முன்பு அதன் பெயர் லூசு என்று எழுதிவைக்க மறக்கவில்லை. இன்னொன்றையும் காணலாம். ஆண்டவர் உருமாறிய மலையை நற்செய்தியாளர்கள் 'உயர்ந்த மலை' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். தாபோர் என்பது பின்வந்த மரபு. எர்மோனாக இருக்கலாம் என்போரும் உண்டு. பேதுரு அங்கே மூன்று கூடாரம் அமைக்க விரும்பினார். அமைக்கவும் இல்லை, மலைக்குப் பெயரிடவும் இல்லை, இறங்கி வந்துவிட்டார்கள்.

சென்ற சாரலின்போது ஐந்தருவிச் சாலையில் மீண்டும் ஒரு குடும்பம் நின்றிருந்தது. தந்தை வழக்கம்போலக் கைகாட்டினார். பக்கத்தில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த முதியவர், "அது திரிகூடமலைங்க ஐயா. பொதிகை அந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே. இங்கேயிருந்து தெரியாது" என்றார். சிறுமி தெற்கே திரும்பி, தெரியாத அந்த மலையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.